முதலில் எது, பிறகு எது: சால்மோனெல்லா தன் ஊசியைக் கட்டும் முறை

குடலின் உட்சுவரை மூடியிருக்கும் எபிதீலிய செல்களுக்குக் கிருமிகளை விழுங்கும் வழக்கம் கிடையாது. அந்த வேலைக்கு உடம்பில் வேறு செல்கள் இருக்கின்றன. ஆனால் சால்மோனெல்லா டைஃபிமியூரியம் வந்து ஒட்டிக்கொண்ட சில நிமிடங்களில் எபிதீலிய செல்லின் மேற்பரப்பு பொங்குகிறது. சவ்வு மடிப்பு மடிப்பாக எழுந்து, பாக்டீரியாவை வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிருமி உள்ளே போய்ச் சேர்ந்ததும் அந்தக் கொந்தளிப்பு அடங்கி, சில மணி நேரத்தில் செல்லின் மேற்பரப்பு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

பொங்க வைத்ததும் சால்மோனெல்லாதான், அடக்கியதும் அதுதான். அது செல்லுக்குள் அனுப்பும் சோப்-இ என்ற புரதம், செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளை ஆட்டுவிக்கும் சிடிசி42, ராக்1 என்ற இரண்டு புரதங்களை முடுக்கிவிடுகிறது. எஸ்பிடிபி என்ற இன்னொரு புரதம் அதே இரண்டையும் அணைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சோப்-இ, எஸ்பிடிபி இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே குழாய் வழியாகத்தான் உள்ளே போகின்றன. அப்படியானால் ஒன்று முதலிலும் மற்றது பிறகும் வேலை செய்வது எப்படி? டோமோகோ குபோரியும் ஹோர்கே காலானும் 2003-ல் விடை சொன்னார்கள். செல்லுக்குள் போன சோப்-இயை அந்தச் செல்லில் வேண்டாத புரதங்களை அழிக்கும் புரோட்டியசோமே சீக்கிரம் சிதைத்துவிடுகிறது. எஸ்பிடிபி மெதுவாகத்தான் சிதைகிறது. முடுக்கும் புரதம் தீர்ந்துபோன பிறகு அடக்கும் புரதம் மிஞ்சி நிற்கிறது. நேரத்தைக் கணக்குப் பார்க்கும் வேலையைக் கூட கிருமி எதிராளியிடமே ஒப்படைத்திருக்கிறது.

இந்தப் புரதங்கள் கடந்து போக வேண்டிய தடைகள் மூன்று: பாக்டீரியாவின் உள்சவ்வு, வெளிச்சவ்வு, நம் செல்லின் சவ்வு. மூன்றையும் ஒரே வீச்சில் கடக்க வைக்கும் இயந்திரத்துக்கு மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். ஆய்வாளர்கள் அதை இன்ஜெக்டிசோம் என்கிறார்கள். வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா, சீதபேதி தரும் ஷிகெல்லா, பிளேக் தரும் யெர்சினியா, குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலை எல்லாவற்றிடமும் இது இருக்கிறது. பாடநூல்கள் இதை மருத்துவர் கையில் இருக்கும் ஊசிக்குழலோடு ஒப்பிடுவது வழக்கம். உருவத்துக்கு அந்த ஒப்புமை பொருந்தும், வேலைக்குப் பொருந்தாது. இதில் மருந்தை நிரப்பி வைக்கும் குழலும் இல்லை, அழுத்தும் தண்டும் இல்லை. ஊசியின் உள்விட்டம் சுமார் 2 முதல் 2.5 நானோமீட்டர்தான். சுருண்டு மடிந்த நிலையில் இருக்கும் புரதம் எதுவும் அதற்குள் நுழையாது. ஒவ்வொரு புரதமும் மடிப்பு அவிழ்ந்து, நீளச் சங்கிலியாக, தலைப்பகுதி முன்னால் வர ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்றால் யார் முதலில் என்ற கேள்வி வந்துவிடுகிறது. என் பார்வையில் இந்த இயந்திரத்தின் மெய்யான அதிசயம் ஊசி அல்ல, வரிசை. ஏனென்றால் ஊசியே அந்தக் குழாய் வழியாக வெளியே போகும் புரதங்களால்தான் கட்டப்படுகிறது. நுனியும் அப்படியே. பாதி கட்டிய நிலையில் நச்சுப் புரதங்கள் முந்திக்கொண்டால் எல்லாம் வீணாக வெளியே கொட்டிவிடும். மேற்பார்வைக்கு யாரும் இல்லாத இடத்தில் இந்த ஒழுங்கு எப்படி வந்தது என்பதைத்தான் ஆய்வாளர்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இயந்திரத்தைக் கண்ணால் பார்த்தது 1998-ல். காலானின் குழுவும், கசையிழை ஆய்வில் பழுத்த ஜப்பானியரான ஷின்-இச்சி அய்சாவாவும் சேர்ந்து சால்மோனெல்லாவின் சவ்விலிருந்து ஒரு அமைப்பைப் பிரித்தெடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். அடியில் அடுக்கடுக்கான வளையங்கள், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் அடிப்பகுதியை அச்சில் வார்த்தது போல இருந்தது. அய்சாவா அந்தக் குழுவில் இருந்தது தற்செயலில்லை. பின்னால் கட்டமைப்பு விவரங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. உள்சவ்வு வளையத்தில் இரண்டு வகைப் புரதங்கள், ஒவ்வொன்றும் 24 பிரதிகள். அந்த வளையத்தின் நடுவில் ஏற்றுமதி வாயில்: ஒரு புரதம் 5 பிரதி, இன்னொன்று 4, மற்றொன்று 1 என்ற கணக்கில் பின்னிய சிறு கூம்பு. அதற்குக் கீழே 9 பிரதிகள் கொண்ட இன்னொரு வளையம். அதற்கும் கீழே பாக்டீரியாவின் உட்பக்கம், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழிக்கும் நொதி, ஆறு பிரதிகள். எல்லாம் சேர்ந்து இருபது வகைப் புரதங்கள் போல.

அடிப்பாகம் மட்டும் சாதாரண வழியில் கட்டப்படுகிறது. எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான செக் என்ற சுரப்பு வழி இதற்குப் போதும். சாமுவேல் வாக்னரும் உடன் பணியாற்றியவர்களும் 2010-ல் காட்டியபடி சால்மோனெல்லாவில் ஏற்றுமதி வாயில்தான் முதலில் உருவாகிறது. வளையங்கள் அதைச் சுற்றி அமைகின்றன. அதே ஆண்டு யெர்சினியாவைப் பார்த்த ஆண்ட்ரியாஸ் டீபோல்டுக்கும் பாசல் நகரத்தில் அவர் பணியாற்றிய குய் கோர்னெலிஸ் குழுவுக்கும் வேறு விடை கிடைத்தது: வெளிச்சவ்வு வளையம் முதலில், அங்கிருந்து உள்நோக்கி. ஏற்றுமதி வாயில் தனியாகத் திரண்டு பிறகு வந்து சேர்கிறது. இரண்டையும் முரண்பாடாகப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமிருந்தும் வேலை தொடங்கி நடுவில் இணைகிறது என்று கொண்டால் இரு முடிவுகளும் நிற்கும். இரு சவ்வுகளுக்கும் நடுவே பாக்டீரியாவின் செல்சுவரான பெப்டிடோகிளைக்கான் வலை இருக்கிறது. அதை அந்த இடத்தில் மட்டும் வெட்டித் துளையிடத் தனி நொதி ஒன்றும் உண்டு.

அடிப்பாகம் முடிந்ததும் குழாய் திறக்கிறது. முதலில் உள்தண்டும் ஊசியும். ஊசிப் புரதம் எண்பது அமினோ அமிலம் அளவுள்ள சின்னஞ்சிறு புரதம். அவிழ்ந்த நிலையில் வளரும் ஊசியின் உள்ளேயே பயணம் செய்து, நுனியை அடைந்து, அங்கே மடிந்து உட்காருகிறது. ஊசி அடியிலிருந்து வளர்வதில்லை, நுனியில் வளர்கிறது. இரண்டு சுற்றுக்கு 11 பிரதிகள் என்ற கணக்கில் திருகலாக ஏறுகிறது.

எங்கே நிறுத்துவது? யெர்சினியாவின் ஊசி சராசரியாக 58 நானோமீட்டர் நீளம். ஒய்எஸ்சி-பி என்ற புரதத்தை நீக்கிவிட்டால் நிறுத்தம் தெரியாமல் நீண்டுகொண்டே போகிறது. கோர்னெலிஸ் குழு 2003-ல் செய்தது எளிமையான சோதனை. அந்தப் புரதத்தின் நடுவில் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார்கள்: ஊசி குட்டையானது. கொஞ்சம் ஒட்டிச் சேர்த்தார்கள்: ஊசி நீண்டது. வெட்டிய அளவுக்குக் குறைவு, ஒட்டிய அளவுக்கு நீளம்; வரைபடத்தில் நேர்க்கோடு. ஓர் அமினோ அமிலத்துக்கு 0.19 நானோமீட்டர். புரதமே அளவுகோல்.

ஒரு அளவுகோல் எப்படி வேலையை நிறுத்தும் என்பதற்குக் கசையிழை ஆய்விலிருந்து நல்ல விளக்கம் கிடைக்கிறது. அளவுகோல் புரதமும் அதே குழாய் வழியாக அவ்வப்போது வெளியே அனுப்பப்படுகிறது. ஊசி குட்டையாக இருக்கும்போது அதன் தலை சட்டென்று வெளியே வந்து, வால் நொடியில் வாயிலைத் தாண்டிவிடுகிறது. ஊசி தேவையான நீளத்தை எட்டிவிட்டால், தலை இன்னும் குழாய்க்குள்ளே இருக்கும்போதே வால் வாயில் பக்கம் வந்து சேர்கிறது. அங்கே அது கொஞ்சம் கூடுதல் நேரம் தங்க நேர்கிறது. வாலில் உள்ள பகுதி வாயிலில் இருந்து சரக்கை மாற்றிவிடும் புரதத்தைத் தொட அந்த நேரம் போதும். தொட்டதும் ஊசிச் சரக்கு நின்று அடுத்த சரக்கு தொடங்குகிறது.

சரக்கை மாற்றிவிடும் அந்தப் புரதத்தின் பெயர் சால்மோனெல்லாவில் ஸ்பா-எஸ், யெர்சினியாவில் ஒய்எஸ்சி-யூ. அது உருவான பிறகு தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. அஸ்பராஜின், புரோலின், திரியோனின், ஹிஸ்டிடின் என்று நான்கு அமினோ அமிலங்கள் வரிசையாக வரும் இடத்தில், முதல் இரண்டுக்கும் நடுவே, எந்த நொதியின் உதவியும் இல்லாமல் முறிகிறது. இந்த முறிவு நடக்காத மரபுமாற்ற வகைகளில் பிந்தைய சரக்குக்கு மாறும் திறன் கெட்டுப்போகிறது.

சால்மோனெல்லாவிலும் அளவுகோல்தானா என்பதில் நீண்ட சண்டை நடந்தது. ஊசிக்கு அடியில் உள்தண்டு கட்டி முடிவதுதான் நிறுத்தக் குறிப்பு என்று 2006-ல் தாமஸ் மார்லோவிட்ஸும் காலானும் வாதிட்டார்கள். 2015-ல் டேனியல் வீயும் கெல்லி ஹியூஸும் அளவுகோல் பக்கம் வலுவான சான்று கொண்டுவந்தார்கள். உள்தண்டில் ஆறு பிரதிகள் போலத்தான் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, அவ்வளவு சிறிய உறுப்பு நேரம் பார்க்கும் என்பதை நம்புவது கடினமாகிவிட்டது. நான் அளவுகோல் கட்சி.

58 நானோமீட்டர் என்ற நீளத்துக்கு என்ன முக்கியம் என்று கேட்கலாம். யெர்சினியாவின் மேற்பரப்பில் யாட்-ஏ என்ற ஒட்டுப் புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா செல்லைப் பற்றிக்கொள்வது அதனால்தான். ஊசி அதைவிடக் குட்டையானால் செல்லின் சவ்வை எட்டவே எட்டாது. குட்டை ஊசி வைத்த யெர்சினியா புரதத்தைச் செலுத்தத் திணறியதையும், ஒட்டுப் புரதத்தையும் அதற்கேற்பக் குறைத்தபோது திரும்பவும் செலுத்தியதையும் 2005-ல் அதே குழு காட்டியது.

மாற்றம் நடந்ததும் நுனிப் புரதம் போகிறது. ஐந்து பிரதிகள் ஊசி முனையில் உட்கார்ந்து மூடி போடுகின்றன. அதன்பின் நம் செல்லின் சவ்வில் துளை போடும் இரண்டு புரதங்கள். அதன்பிறகுதான் சோப்-இ, எஸ்பிடிபி போன்ற எஃபெக்டர் புரதங்கள். இந்த வரிசையைக் காப்பது இயந்திரத்தின் அடியில், பாக்டீரியாவின் உட்பக்கம் ஆறு தூண்களாகத் தொங்கும் தரம்பிரிப்பு மேடை. மரியா லாரா-டெஹேரோவும் காலானும் 2011-ல் இதை அடையாளம் காட்டினார்கள். துளை போடும் புரதங்கள் இந்த மேடையில் முதலில் ஏறுகின்றன. அவை இல்லாவிட்டால்தான் எஃபெக்டர்களுக்கு முன்னிடம்.

எந்தப் புரதம் யார் என்று மேடைக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துணைப் புரதத்தோடு வருகிறது. எஸ்பிடிபிக்கு எஸ்ஐசி-பி. படிகவியலில் இந்தச் சோடியைப் பார்த்தால், எஸ்பிடிபியின் தலைப்பகுதி எந்த உருண்டை வடிவமும் எடுக்காமல் துணைப் புரதத்தைச் சுற்றி நீளமாக வளைந்து கிடக்கிறது. மீதி உடல் மடிந்து வேலை செய்யும் நிலையில் இருக்க, தலை மட்டும் குழாய்க்குத் தயாராக அவிழ்ந்தே இருக்கிறது. ஏடிபியைச் செலவழிக்கும் நொதி துணைப் புரதத்தை உரித்தெடுத்து, சரக்கின் மடிப்பை அவிழ்க்கிறது என்பதை 2005-ல் யுகிஹிரோ அகேடாவும் காலானும் காட்டினார்கள். தள்ளிவிடும் ஆற்றலில் பெரும்பங்கு ஏடிபியிலிருந்து வருவதில்லை; உள்சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையில் உள்ள புரோட்டான் வேறுபாட்டிலிருந்து வருகிறது. இது 2008-ல் கசையிழையில் தெரியவந்தது. அவிழவே அவிழாத புரதம் ஒன்றைச் சரக்கின் பின்னால் ஒட்டவைத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். மார்லோவிட்ஸ் குழு 2014-ல் வேண்டுமென்றே அப்படி அடைத்துத்தான் சரக்கு எந்தப் பாதையில் போகிறது என்று படம் பிடித்தது.

எல்லாம் தயார். சுடுவதற்கு ஆணை யார் தருவது? இதில் பழைய கதை ஒன்று உண்டு. பிளேக் கிருமியை 37 டிகிரியில், கால்சியம் இல்லாத ஊடகத்தில் வளர்த்தால் அது வளராமல் நின்றுவிடுகிறது என்று 1958-ல் குப்ஃபர்பெர்க், ஹிகுச்சி இருவரும் எழுதினார்கள். நோயுண்டாக்கும் திறன் இழந்த வகைகளுக்கு அந்தச் சிக்கலே இல்லை. அவை நன்றாக வளர்ந்தன. கொடிய கிருமி மட்டும் கால்சியத்துக்கு ஏன் ஏங்குகிறது என்பது பல பத்தாண்டுப் புதிர். கால்சியம் குறைந்தால் இயந்திரம் செல்லைத் தொட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு, இருக்கும் சரக்கை எல்லாம் வெளியே கொட்டுகிறது, வளர்ச்சிக்கான வேலையை நிறுத்திவிடுகிறது என்று பின்னால் புரிந்தது. திறன் இழந்தவற்றிடம் இயந்திரத்துக்கான மரபணுக்களைச் சுமக்கும் தனி டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டே இல்லை. வெளியே கொட்டிய புரதங்களைப் பார்த்தவர்கள் அவை வெளிச்சவ்வின் புரதங்கள் என்று நினைத்து யோப் (யெர்சினியா வெளிப்புரதம்) என்று பெயர் வைத்தார்கள். பெயர் தவறு என்று தெரிந்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது.

உண்மையான தொற்றில் ஆணை செல்லைத் தொடுவதிலிருந்து வருகிறது. 1994-ல் ஸ்வீடனின் உமேயோவில் ரோஸ்க்விஸ்டும் வோல்ஃப்-வாட்ஸும், பெல்ஜியத்தில் சோரியும் கோர்னெலிஸும் இதைத் தனித்தனியே நிறுவினார்கள். தொட்ட பக்கத்தில் மட்டும் சரக்கு போகிறது, ஊடகத்தில் சிந்துவதில்லை. உமேயோக்காரர்கள் இரண்டு ஆண்டு கழித்துக் கண்டது இதைவிட அழகு. எல்சிஆர்-க்யூ என்ற புரதம் யோப் மரபணுக்களை அமுக்கி வைத்திருக்கிறது. குழாய் திறந்ததும் எல்சிஆர்-க்யூவும் வெளியே போய்விடுகிறது. உள்ளே அதன் அளவு குறைய, யோப் உற்பத்தி தானாகப் பெருகுகிறது. குழாய் திறந்திருக்கிறது என்ற செய்தியைச் சொல்ல வேறு தூதர் தேவைப்படவில்லை. கசையிழையிலும் இதே ஏற்பாடு 1993-லேயே தெரிந்திருந்தது: கொக்கிப் பகுதி முடிந்ததும் தடுப்புப் புரதம் வெளியேற, இழைப் புரதத்தின் மரபணு விழிக்கிறது.

இடம் தெரியாமல் சுட்டால் நட்டம் பெரிது. வாய்வழியாகப் போகும் யெர்சினியா என்டரோகொலிட்டிகா வயிற்றின் அமிலத்தைக் கடக்க வேண்டும். அமிலத்தில் தரம்பிரிப்பு மேடை இயந்திரத்திலிருந்து கழன்று செல்லுக்குள் சிதறிவிடுகிறது, குடலுக்கு வந்து அமிலம் குறைந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்கிறது என்று டீபோல்டின் குழு 2021-ல் காட்டியது. ஊசி அப்படியே நிற்கிறது, சரக்கு மட்டும் ஏறுவதில்லை.

சால்மோனெல்லாவுக்கு இந்த இயந்திரத்தைச் சுமப்பதே பாரம். கட்டும் செல்கள் மெதுவாகத்தான் பெருகுகின்றன. அதனால் ஒரே மரபணு கொண்ட கூட்டத்தில் ஒரு பகுதி மட்டுமே ஊசி கட்டுகிறது. மற்றவை அது கிளப்பிவிடும் அழற்சியின் பலனை உட்கார்ந்து தின்கின்றன. சூரிக்கில் வோல்ஃப்-டீட்ரிஷ் ஹார்ட்டின் ஆய்வகம் இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறது.

ஒரே இயந்திரம், சரக்கு மட்டும் வேறு வேறு. சால்மோனெல்லா விழுங்காத செல்லை விழுங்க வைக்கிறது. யெர்சினியா விழுங்கும் செல்லை விழுங்கவிடாமல் தடுக்கிறது. பேதி உண்டாக்கும் ஈ.கோலை செய்வது இன்னும் துணிச்சல். ஒட்டிக்கொள்ளப் பிடிமானம் இல்லாத செல்லுக்குள் டிர் என்ற தன் சொந்தப் புரதத்தைச் செலுத்தி, அது செல்லின் சவ்வில் நீட்டிக்கொண்டதும் அதையே பற்றிக்கொள்கிறது. பிரெண்டன் கென்னியும் பிரெட் ஃபின்லேயும் 1997-ல் இதை வெளியிட்டபோது, தன் ஏற்பியைத் தானே கொண்டுவரும் கிருமி என்பது யாரும் எதிர்பாராத செய்தி.

இந்த இயந்திரத்தால் நமக்கு இதுவரை கிடைத்த பயன் கொஞ்சம்தான். ஊசியின் நுனிப் புரதத்தை மறிக்கும் எதிர்ப்பொருள்கள் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்குச் சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த வெற்றி வரவில்லை. பிளேக் தடுப்பூசி முயற்சிகளில் யெர்சினியாவின் நுனிப் புரதம் ஒரு முக்கியக் கூறு. வி ஆன்டிஜென் என்ற பெயரில் அது 1950களிலிருந்தே அறிமுகமானது, ஊசி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்திலிருந்து. இயந்திரத்தை முடக்கும் சிறு மூலக்கூறுகள் ஆய்வகத்தில் பல உண்டு. மருந்துக்கடைக்கு எதுவும் வரவில்லை.

வயலில் கதை வேறு. நெல்லின் பாக்டீரியா இலைக் கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசேயிடமும் மூன்றாம் வகை இயந்திரம் உண்டு. தாவர செல்லின் சுவர் தடிமன் என்பதால் தாவரக் கிருமிகளின் ஊசி குட்டையாக நிற்காமல் நீண்ட இழையாகவே வளர்கிறது. சாந்தோமோனாஸ் செலுத்தும் டேல் வகைப் புரதங்கள் நெல்லின் உட்கருவுக்குள் போய், சர்க்கரையை வெளியே விடும் ஸ்வீட் மரபணுக்களை இயக்கும் முகப்பில் உட்கார்ந்து அவற்றை எழுப்பிவிடுகின்றன. கசியும் சர்க்கரை கிருமிக்குச் சாப்பாடு. எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு வேறெதுவும் இல்லை. ஸ்வீட்11-இன் முகப்பில் டிஎன்ஏ எழுத்துகள் மாறிப்போன வடிவம். உட்கார இடமில்லாததால் செலுத்திய புரதம் வீண். தமிழ்நாட்டு விவசாயிகள் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி, இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம். ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 மூன்றையும் அதில் ஏற்றி மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை உருவாக்கின. 2008-ல் அது வெளியானது.

கிருமியும் சும்மா இல்லை. ஸ்வீட்11 கிடைக்காத இடத்தில் ஸ்வீட்13, ஸ்வீட்14 ஆகியவற்றை எழுப்பும் டேல் புரதங்களை வைத்திருக்கும் வகைகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உண்டு. 2019-ல் ஒரு பன்னாட்டுக் குழு ஐஆர்64 உள்ளிட்ட ரகங்களில் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் முகப்பையும் கிரிஸ்பர் முறையில் திருத்தி, பரவலான வகைகளைத் தாங்கும் நெல்லை உருவாக்கியது. அந்த நெல்லிலும் கிருமியின் ஊசி வழக்கம்போல் வளர்கிறது, சரக்கும் வழக்கமான வரிசையில் போகிறது. போய் உட்கார வேண்டிய இடம்தான் அங்கே இல்லை.